‘ஃபோமட் அடிக்க வேணும்’ என்பதற்கு முன்: அப்டேட்டுக்குப் பிறகு எழும்பாத கணினி

2024 நவம்பரில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், கிளிநொச்சியில் நான் நடத்தும் சிறிய கணினி திருத்தும் கடைக்கு ஓர் அம்மா வந்தார். கையில் உரப்பை. அதற்குள் துவாயால் சுற்றிய மடிக்கணினி. முதல் நாள் இரவு ‘அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்’ என்று திரையில் வந்திருக்கிறது. மகள் அணைக்கவில்லை. மின்சாரம்தான் நின்றுவிட்டது. அந்த மடிக்கணினியின் பற்றரி எப்போதோ செத்துப்போனது. மின்சாரம் திரும்பி வந்த பிறகு அழுத்தினால் விண்டோஸ் சின்னம் வரும், வட்டம் சுற்றும், நீலத்திரை வரும், தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விடியும்வரை அதே கதைதான்.

“வேற ஒரு இடத்தில காட்டினனாங்கள் தம்பி. ஃபோமட் அடிச்சுத்தான் திரும்ப விண்டோஸ் போட வேணுமாம். அப்பிடிச் செய்தா உள்ளுக்க இருக்கிறதெல்லாம் போயிடும் எண்டு மகள் சொல்றாள். அதுதான் பயந்து தூக்கிக்கொண்டு வந்திட்டன்.”

உள்ளுக்குள் இருந்தது என்னவென்று கேட்டேன். மகனின் படங்கள் என்றார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காலத்தில், மகனின் படங்களையும், முறைப்பாட்டுத் துண்டுகளையும், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களையும் ஸ்கான் செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த வருட டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளம் அவர்களின் வீட்டுக்குள்ளும் வந்தது. மூலப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிறம் கரைந்து போயின. மிச்சம் இருந்தது கணினியில் இருந்தவை மட்டும்.

அப்டேட் ஒன்று பிழைத்ததால் எழும்பாமல் போகும் கணினிகள் மாதத்துக்குச் சில என் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருபவர்கள் எல்லோரும் ஒரே பயத்தோடுதான் வருகிறார்கள்: எல்லாம் போய்விட்டதா? பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. எழும்ப முடியாமல் இருப்பது விண்டோஸ். உங்கள் பைல்கள் அதே டிஸ்க்கில், வைத்த இடத்திலேயே இருக்கும். அவை உண்மையில் அழிவது அதற்குப் பிறகு யாரோ ஒருவர் அவசரப்பட்டு ஃபோமட் செய்யும்போதுதான். அந்த அவசரத்துக்கு முன் செய்து பார்க்கக்கூடியவற்றை, கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

நான் செய்த பிழை

ஃபோமட் செய்யும் கடைக்காரரை நான் குற்றம் சொல்ல வரவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஃபோமட் அடித்து விண்டோஸ் போடுவதற்கு ஒரு மணித்தியாலம் போதும், முடிவும் நிச்சயம். பழுதைத் தேடித் திருத்த அரை நாள் போகலாம், சில வேளை திருந்தாமலும் போகலாம். இரண்டுக்கும் வாடிக்கையாளர் தரும் காசு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு ஐயா இதேபோல எழும்பாத கணினியைக் கொண்டுவந்தார். நான் ஒன்றும் கேட்காமல் ஃபோமட் செய்து, பின்னேரமே புதிதுபோலக் கையில் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் திரும்பி வந்தார். “தம்பி, மனிசியின்ர வீடியோ ஒண்டு இதில கிடந்தது. எங்க வைச்சிருக்கிறீங்கள்?” மனைவி அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தார். அழிந்த பைல்களை மீட்கும் மென்பொருட்களைப் போட்டு இரண்டு நாள் தேடினேன். திறக்காத சில துண்டுகள் கிடைத்தன. அவர் என்னை ஏசவில்லை. காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், ஃபோமட் செய்த பின்னும் அதன்மேல் புதிதாக எதுவும் எழுதப்படாத இடங்களிலிருந்து சிலவற்றை மீட்கலாம். விண்டோஸைத் திரும்பப் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி டிஸ்க்குகளில் நிலைமை இன்னும் மோசம். அழிக்கப்பட்ட இடங்களை அவை தாமாகவே துடைத்துச் சுத்தம் செய்துவிடும். பிறகு தேட எதுவும் இருக்காது.

அப்டேட்டின்போது உள்ளே நடப்பது என்ன?

கிடுகுக் கூரையை மாற்றி வேய்ந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். புதுக் கிடுகுகளை முற்றத்தில் அடுக்கி வைக்கும்வரை வீட்டுக்குள் சமைக்கலாம், படுக்கலாம். பழைய கூரையைப் பிரிக்கும்போது எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பிரித்த பிறகு, வேய்ந்து முடிப்பதற்குள் மழை பிடித்துவிட்டால் பழைய கூரையும் இல்லை, புதுக்கூரையும் இல்லை.

விண்டோஸ் அப்டேட்டும் இப்படி இரண்டு கட்டமாகவே நடக்கிறது. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதிய பைல்கள் இறங்கி ஓரமாகச் சேர்கின்றன. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் பைலை அந்த நேரத்தில் மாற்ற முடியாது. ஆகவே முக்கியமான பைல்கள், கணினி அணைந்து மறுபடி தொடங்கும் இடைவெளியில் மாற்றப்படுகின்றன. நூற்றுவீதம் ஏறிக்கொண்டு போகும் அந்தத் திரை வருவது அப்போதுதான். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றாலோ, டிஸ்க்கில் இடம் போதாமல் போனாலோ, டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருந்தாலோ, கணினி பாதி பழையது பாதி புதியதாக நின்றுவிடலாம். இப்படி நடக்கும்போது பழைய நிலைக்குத் தானாகத் திரும்புவதற்கு விண்டோஸ் முயற்சி செய்யும். அநேகமாக அது சரிவரும். சரிவராதவைதான் எங்களிடம் வருகின்றன.

யூ.பி.எஸ் இல்லாத மேசைக்கணினிகளும், பற்றரி செத்த பழைய மடிக்கணினிகளும் வன்னியில் அதிகம். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் என் கடையில் வேலை ஓயவே இல்லை.

உலகமே நின்ற ஒரு காலை

இது ஏழை ஊர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் திகதி, எமது நேரப்படி காலை 9.39க்கு, அமெரிக்காவின் குரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு அப்டேட்டை அனுப்பியது. மென்பொருள் கையில் வைத்திருந்த தரவுகள் 20. வந்த பைல் 21ஆவது ஒன்றையும் எதிர்பார்த்தது. இல்லாத அந்த 21ஆவதை நினைவகத்தில் தேடப்போன கணினி விழுந்தது. இந்த மென்பொருள் கணினி தொடங்கும்போதே உள்ளே வந்துவிடும் வகையைச் சேர்ந்தது. அதனால் எழும்பும் ஒவ்வொரு தடவையும் மறுபடி விழுந்தது. 78 நிமிடங்களில் அந்தப் பைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததாக மைக்ரோசொவ்ற் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகளில் வேலை தடைப்பட்டது, இந்தியாவில் சில விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

அன்று அந்தக் கணினிகளை எப்படி எழுப்பினார்கள் என்பதுதான் எங்களுக்குப் பாடம். விண்டோஸின் ‘சேஃப் மோட்’ என்ற குறைந்தபட்ச நிலைக்குள் போய், குரவுட்ஸ்ட்ரைக்கின் கோப்புறையிலிருந்த 00000291 என்ற இலக்கம் கொண்ட பைலை அழித்து, மறுபடி தொடக்கினார்கள். பழுது ஒரு பைலில் என்றால் அந்த ஒரு பைலை எடுத்தால் போதும். முழு டிஸ்க்கையும் துடைக்கத் தேவையில்லை.

முதலில் பொறுமை

திரையில் நூற்றுவீதம் அசையாமல் நின்றாலும் உடனே அணைக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ஓர் அப்டேட் முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கலாம். டிஸ்க்கின் சிறிய விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

நீலத்திரை வந்தால் அதைத் தொலைபேசியில் படம் எடுங்கள். கீழே இருக்கும் பழுதுக்குறியீடு திருத்துபவருக்கு உதவும். பிரின்டர், பென் ட்ரைவ், டொங்கிள் என்று செருகியிருப்பவை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு தடவை தொடக்கிப் பாருங்கள். சில வேளை இதோடேயே எழும்பிவிடும்.

எழும்பாவிட்டால் விண்டோஸின் மீட்புத் திரைக்குப் போக வேண்டும். கணினியைத் தொடக்கி, விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் மின் பொத்தானை விடாமல் அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால், அடுத்த முறை கணினி தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யக்கூடாது. கடவுச்சொல் கேட்கும் திரைவரை வருகிற கணினியென்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம். ‘ஷிப்ட்’ விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தாலே அந்தத் திரை வந்துவிடும்.

48 இலக்கங்கள்

மீட்புத் திரைக்குப் போனதும் சில கணினிகள் 48 இலக்கம் கொண்ட ஒரு சாவியைக் கேட்கும். இது பிட்லொக்கர் என்ற பூட்டு. கணினி களவு போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வாசிக்க முடியாதபடி, அதிலுள்ள எல்லாவற்றையும் மறைகுறியாக்கி வைக்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொவ்ற் கணக்கால் உள்நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் இது தானாகவே இயங்கிவிடும். தமது கணினி பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது.

சாவி இல்லாவிட்டால் நானும் திறக்க முடியாது, கொழும்பில் யாரும் திறக்க முடியாது, மைக்ரோசொவ்ற்றும் திறந்து தராது. அது இருப்பது, கணினியை முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசொவ்ற் கணக்கில். இங்கேதான் எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல். வன்னியில் பல வீடுகளில் இருப்பது கனடாவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய கணினி. அமைத்தவர் அங்கேயிருக்கும் மாமா. சாவி இருப்பதும் மாமாவின் கணக்கில். தொண்டு நிறுவனம் கொடுத்த கணினியென்றால் அந்த நிறுவனத்தின் கணக்கில். நிறுவனம் மூடிப்போய் வருடங்கள் ஆகியிருக்கலாம்.

ஆகவே கணினி நன்றாக இருக்கும் இன்றைக்கே, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லொக்கர்’ இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அந்த 48 இலக்கங்களையும் கொப்பியொன்றில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

முதலில் பைல்கள், பிறகு விண்டோஸ்

அந்த அம்மாவின் கணினியில் நல்ல காலம் பூட்டு இருக்கவில்லை. விண்டோஸைத் திருத்துவதை அப்படியே விட்டுவிட்டு, படங்களை வெளியே எடுப்பதில்தான் தொடங்கினேன். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

எளிதானது, மீட்புத் திரையிலேயே செய்யக்கூடியது. ‘ட்ரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, அதற்குள் ‘கொமாண்ட் ப்ரொம்ப்ட்’. கறுப்புத் திரையில் ‘நோட்பாட்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் சாதாரண எழுதும் செயலி திறக்கும். அதன் ‘ஃபைல்’ பட்டியலில் ‘ஓப்பன்’ கொடுத்து, எல்லா வகைப் பைல்களையும் காட்டச் சொன்னால், அந்தச் சிறிய சாளரத்துக்குள்ளேயே டிஸ்க் முழுவதையும் பார்க்கலாம். ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரும், அதற்குள் படங்களும் ஆவணங்களும் இருக்கும். வலது பொத்தானால் கொப்பி செய்து பென் ட்ரைவில் ஒட்டலாம். வழக்கமாக ‘சி’ என்று தெரியும் டிஸ்க் இங்கே வேறு எழுத்தோடு தெரியலாம், குழம்ப வேண்டாம். எவ்வளவு முடிந்தது என்று காட்டாமல் திரை உறைந்ததுபோல நிற்கும். அப்போது கை வைக்காமல் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வேறொரு நல்ல கணினியில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென் ட்ரைவில் ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து தொடக்குவது. எதையும் நிறுவாமல் ‘ட்ரை’ என்ற தெரிவில் போனால் டிஸ்க்கைத் திறந்து கொப்பி செய்யலாம். மூன்றாவது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து எடுப்பது. இதைத் தெரிந்தவர் கையில் விடுவது நல்லது.

அம்மாவின் கணினியில் நோட்பாட் வழியாகவே எடுத்தேன். ‘தம்பி’ என்று பெயரிட்ட கோப்புறை. 43 பைல்கள். பென் ட்ரைவை என் கணினியில் செருகி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாடசாலைச் சீருடையில் ஒரு பொடியன், சைக்கிள் ஒன்றின் கான்டிலைப் பிடித்தபடி நிற்கிறான். அம்மா திரைக்குக் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்க் கதிரையில் இருந்தார்.

அப்டேட்டைத் திருப்பி எடுத்தல்

பைல்கள் பத்திரமான பிறகு விண்டோஸில் எதையும் தைரியமாகச் செய்து பார்க்கலாம். ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ திரையில் நான் போகும் ஒழுங்கு இது.

முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பெயார்’. தொடங்குவதற்குத் தேவையான பைல்களைத் தானாகப் பார்த்துத் திருத்தும். அடுத்து ‘அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்’. அதற்குள் இரண்டு தெரிவுகள் உண்டு. மாதாமாதம் வரும் சிறிய அப்டேட் என்றால் ‘குவாலிட்டி அப்டேட்’, வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ‘ஃபீச்சர் அப்டேட்’. பெரியதை வழக்கமாகப் பத்து நாட்களுக்குள் மட்டுமே திருப்பலாம். மூன்றாவது ‘சிஸ்டம் ரிஸ்டோர்’. இது முன்பே இயக்கப்பட்டிருந்தால், அப்டேட்டுக்கு முந்தைய நாளின் நிலைக்கு விண்டோஸைக் கொண்டுபோகும், உங்கள் படங்களைத் தொடாது. நான்காவது ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ ஊடாகச் ‘சேஃப் மோட்’. மறுபடி தொடங்கும்போது 4ஐ அழுத்தினால் அதற்குள் போகலாம். புதிதாகப் போட்ட ட்ரைவரோ வைரஸ் எதிர்ப்பு மென்பொருளோ காரணம் என்றால் அங்கிருந்து நீக்கலாம்.

இவை சரிவராவிட்டால், பாதியில் நிற்கும் மாற்றங்களைக் கைவிடுமாறு ‘டிஸ்ம்’ என்ற கருவிக்குக் கட்டளையிடலாம். எழுத்துப்பிழையில்லாமல் இட வேண்டிய கட்டளை என்பதால் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனால் திருத்துபவரிடம் “ரிவேர்ட் பெண்டிங் அக்‌ஷன்ஸ் செய்து பார்த்தனீங்களோ?” என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவின் கணினி கடைசியில் இதற்குத்தான் எழும்பியது. அப்டேட்டை நீக்கும் முயற்சி இரண்டு தடவை தோற்றிருந்தது.

எல்லாம் தோற்றால் ஃபோமட் செய்வதில் பிழையில்லை. பைல்கள் வெளியே எடுக்கப்பட்டுவிட்டன, திறந்தும் பார்த்தாயிற்று என்ற பிறகு மட்டும்.

அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாமா?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். ‘அப்டேட்டை நிப்பாட்டி விடுங்கோ’ என்று கேட்டு வருபவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. 2017 மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய வொன்னாக்ரை, 150க்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளின் பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொவ்ற் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14ஆம் திகதி வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். பிழைத்த அப்டேட்டைத் திருப்பி எடுக்கலாம். அப்படிப் பூட்டப்பட்ட பைல்களைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க முடியாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. எங்கள் பக்கத்துப் பழைய கணினிகளில் பல விண்டோஸ் 11இன் தேவைகளைப் பூர்த்தி செய்யாதவை. அவற்றில் குறுக்குவழியால் 11ஐத் திணித்துவிட்டு, அடுத்த அப்டேட்டில் எழும்பவில்லை என்று வருபவர்கள் இருக்கிறார்கள். கடதாசி எழுதவும், இணையம் பார்க்கவும், பிள்ளைகள் படிக்கவும் மட்டும் பாவிக்கும் கணினியென்றால் லினக்ஸ் மின்ட் போதும். திருட்டு விண்டோஸை இயக்கப் போடும் ‘கிராக்’ மென்பொருட்கள் உள்பைல்களையே மாற்றிவிடுவதால், அப்டேட்டின்போது முதலில் விழக்கூடியவை அப்படிப்பட்ட கணினிகள்தான்.

விண்டோஸின் மாதாந்த அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. எங்களுக்கு அது இரவு பத்தரை, பதினொன்றரை மணி. ஆகவே இங்கே புதன்கிழமைதான் அதைச் சந்திக்கிறோம். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் அப்டேட்டை ஒரு கிழமை தள்ளிப்போடும் வசதி உண்டு. அந்த ஒரு கிழமைக்குள் பழுது இருந்தால் உலகம் சொல்லிவிடும். பிறகு மழை இல்லாத, மின்சாரம் நிற்காது என்று தோன்றுகிற ஒரு பகல்பொழுதில், டிஸ்க்கில் 20 ஜிபியாவது இடம் விட்டு, முக்கியமானவற்றை வெளியே கொப்பி எடுத்துவிட்டு அப்டேட்டைப் போடுங்கள்.

கொப்பி என்றால் ஒன்று போதாது. இரண்டு வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வெள்ளமும் தீயும் ஒரு வீட்டுக்குள் வந்தால் பென் ட்ரைவையும் மடிக்கணினியையும் பிரித்துப் பார்க்காது.

அம்மாவுக்கு இரண்டு பென் ட்ரைவ்களில் கொப்பி செய்து கொடுத்தேன். ஒன்றை வவுனியாவில் இருக்கும் தங்கச்சியிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மற்றதைப் பொலித்தீன் பையில் சுற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். சைக்கிளோடு நிற்கும் படத்தை மட்டும் பெரிதாக அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார். வெளியே மழை விட்டிருக்கவில்லை. கடதாசி நனையாமல் கொண்டுபோக இன்னொரு பொலித்தீன் பை தேடினோம்.